சங்ககிரிச் சாலை முதியவர்கள்

சேலத்திலிருந்து கோவை செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றதும் நம் கண்ணில் படும் பாறைமலை சங்ககிரி துர்க்கம். தீரன் சின்னமலையை 1805-இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட கோட்டை அது. பள்ளிப் பிள்ளைகள் அவ்வூரை அறிந்திருப்பது இதனால்தான். ஆனால் நாக்பூருக்கு அப்பால் சாலையோரத்தில் ரொட்டி சுடுகிறவரிடம் சங்ககிரி என்று சொல்லிப் பாருங்கள். அவர் கோட்டையை அறியார்; சின்னமலையையும் அறியார்; "லாரி" என்பார். வண்டியின் நெற்றியில் டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்னும் எண்களைக் கண்டவுடனே புளி கரைக்கத் தொடங்கும் உணவுக் கடைகள் வடநாட்டில் இருந்தன என்று முதிய ஓட்டுநர் ஒருவர் நம்மிடம் கூறினார். சற்று மிகைதான், எனினும் அம்மிகையில் ஒரு பெருமிதம் இருந்தது.

அவ்வெண்கள் முறையே நாமக்கல்லையும் திருச்செங்கோட்டையும் சங்ககிரியையும் குறிப்பவை. நாமக்கல் 1997 சனவரி முதல் நாளில் தனி மாவட்டமாகும்வரை இம்மூன்றும் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. மூன்றுக்கும் உயிர்மூச்சு சக்கரமே. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். சங்ககிரியில் எங்கு நோக்கினும் சரக்கு லாரிகள். நம் பங்குகளிலும் இத்தொழிலில் வாழ்ந்த குடும்பங்கள் பல உள்ளன. ஞாயிறு திருப்பலியில் தாயும் பிள்ளைகளும் இருப்பர். தந்தை எங்கே என்று கேட்டால், "லைனுக்குப் போயிருக்கிறார் சாமி" என்ற விடையே வரும். அந்த "லைன்" என்பது எத்தகைய வாழ்க்கை என்று அறியும் ஆவலால், அண்மையில் சில நாள்கள் இவ்வூர்களில் தங்கி, ஓய்ந்துபோன ஓட்டுநர்கள் பலரைத் தேடிச் சென்று அவர்தம் நினைவுகளைக் கேட்டோம்.

இவ்வட்டாரத்தின் மேற்கு ஓரத்தில் காவிரி ஓடினாலும், உள்ளே செல்லச் செல்ல வானம் பார்த்த பூமிதான். மழை பொய்த்தால் கிணறு வறளும். கிணறு வறண்டால் ஏர் நிற்கும். மாட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் மாமன் மைத்துனர் நால்வர் சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கியதில்தான் இத்தொழில் வேரூன்றியது என்பர் முதியோர். அந்நால்வருள் ஒருவர் ஓட்டுவார். ஒருவர் லோடு பிடிப்பார். மற்ற இருவர் உழவைக் கவனிப்பர். ஏர் ஓட்டியவனுக்கு லாரி ஓட்டுவது கடினமன்று, இரண்டுக்கும் பொறுமைதான் வேண்டும் என்றார் ஒருவர். வண்டிச் சக்கரமும் கலப்பையும் செய்து பழகிய தச்சரும் கொல்லரும், வெறும் அடிச்சட்டமாக வந்து நிற்கும் லாரிக்கு மரத்தாலும் இரும்பாலும் உடல் கட்டக் கற்றனர். நாட்டில் வேறெந்தத் தொழில் இவ்வாறு உழவன் வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்பட்டு இமயம்வரை சென்றது என்று நமக்குத் தெரியவில்லை.

நாம் சந்தித்தவருள் மூத்தவர் எண்பதைத் தொட்டவர். பதினான்கு வயதில் கிளீனராக ஏறியவர். "லைசென்சு எடுக்கறதுக்கு முன்னால அஞ்சு வருசம் கட்டை தூக்கணுங்க சாமி" என்றார். கட்டை என்பது முட்டுக்கட்டை. மேட்டில் ஏறும்போது வண்டி திணறி நின்றுவிட்டால், பின்னோக்கி உருளுமுன் கிளீனர் கீழே குதித்து, பின்சக்கரத்தின் அடியில் அக்கட்டையைச் செருகவேண்டும். ஒரு நொடி தவறினால் வண்டியும் போயிற்று, சில வேளைகளில் கையும் போயிற்று. நல்ல காரியத்தைத் தடுப்பவனை முட்டுக்கட்டை என்று நாம் மேடையில் இகழ்கிறோம். லாரிக்காரர் அச்சொல்லை அப்படி ஆளமாட்டார். அவருக்கு அது உயிர் காத்த பொருள்.

கிளீனர் என்றால் துடைப்பவன் என்று பொருள். ஆனால் துடைப்பது அவன் வேலையில் மிகச் சிறிய பகுதி. எஞ்சின் கொதித்தால் ஓடைக்கு ஓடித் தண்ணீர் மொண்டுவர வேண்டும். தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டவேண்டும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு பொங்கவேண்டும். இவை எல்லாவற்றினும் முதன்மையானது, இரவு இரண்டு மணிக்குமேல் ஓட்டுநரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். "நான் பேசறதை நிறுத்துனா அவர் கண்ணை மூடிருவார், அதனால ஊர்க்கதை, சினிமாக்கதை, ஒண்ணும் இல்லைன்னா எங்க பாட்டி கதை" என்று சிரித்தார் அப்பெரியவர். இவ்வாறு பேசிப் பேசியே பாதையும் கியரும் பள்ளமும் கற்று, ஒருநாள் வெட்டவெளிச் சாலையில் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து, "வா, நீ புடி" என்பார். அதற்குச் சான்றிதழ் இல்லை, பட்டமளிப்பும் இல்லை. குருத்துவக் கல்லூரியில் பல ஆண்டு பயின்று வெளிவந்த நமக்கும் அக்கல்வியின் நீளம் வியப்பாகவே இருந்தது.

அந்நாளைய வண்டிகளின் பெயர்களை அவர்கள் மறைந்த உறவினரின் பெயரைப்போல் கூறுகின்றனர். பெட்போர்டு, ஃபார்கோ, லேலண்ட் காமெட், டாடா மெர்சிடிஸ் பென்ஸ். இக்கடைசி வண்டி 1954 முதல் செருமானியக் கூட்டுறவுடன் செய்யப்பட்டது. அக்கூட்டுறவு 1969-இல் முடிந்தபின்னும் ஓட்டுநர் வாயில் அது நெடுநாள் பென்சாகவே இருந்தது. திருப்புசக்கரத்துக்கு இன்றுள்ள விசை உதவி அன்று கிடையாது. பத்து டன் பாரத்துடன் கொண்டை ஊசி வளைவில் திருப்புவதென்றால் தோளும் இடுப்பும் சேர்ந்து இழுக்கவேண்டும். கால்மாட்டில் எஞ்சின் சூடு. கோடையில் பாதம் வெந்துவிடும். சாலையோ நடுவில் ஒற்றைக் கோடாகத் தார், இருபுறமும் மண், அதற்கப்பால் புளியமரங்கள். எதிரே வண்டி வந்தால் இருவரில் ஒருவர் மண்ணில் இறங்கவேண்டும். யார் இறங்குவது? பாரம் குறைந்தவர் இறங்குவார். இஃது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றினால் எதிரில் வருபவர் புரிந்துகொள்வார்.

தொப்பூர்க் கணவாயைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர்கள் குரல் தாழ்ந்தது. தருமபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலத்தை நோக்கி இறங்கும் சரிவு அது. கன்னியாகுமரிவரை செல்லும் அப்பெருஞ்சாலை பழைய கணக்கில் 7-ஆம் எண், இன்று 44. சேலத்திலிருந்து ஏறுவது வேதனை, ஆனால் ஆபத்தன்று. நடப்பவன் முந்திச் செல்லும் வேகத்தில் வண்டி முனகிக்கொண்டு ஏறும். இறங்குவதில்தான் எமன் இருந்தான். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழையவர் பாடம். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். டீசல் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு நியூட்ரலில் உருட்டினால் பாரம் முழுவதும் பிரேக்கின்மீது விழும். அது சூடேறிப் பிடி இழக்கும். அதன்பின் மிதித்தாலும் பயனில்லை. சாலை நான்கு வழியான பிறகும் அச்சரிவில் விபத்துகள் ஓயவில்லை என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். அங்கே மாண்ட தம் நண்பர்களின் பெயர்களை அம்முதியவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டாம் கையின் நடுவிரலில் நிறுத்திவிட்டார். அடக்கம் செய்யப்பட்டவர்க்காக நாம் கல்லறைத் திருநாளில் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறோம். அவர் பட்டியலைக் கேட்க ஆளில்லை.

சரக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, ஈரோட்டு மஞ்சள், சங்ககிரிச் சிமெண்டு, நாமக்கல் முட்டை. வரும்போது நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சு, குசராத்துப் பஞ்சு, பஞ்சாபுக் கோதுமை. மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யும் நம் ஜவ்வரிசியை நாம் பாயசத்துக்கு மட்டுமே கருதுகிறோம். மராட்டியத்திலோ அது நோன்பு நாளின் உணவு. அரிசியும் கோதுமையும் விலக்கும் நாள்களில் இலட்சக்கணக்கான இல்லங்களில் அதையே சமைத்து உண்பர். ஆகவே நவராத்திரிக்கு முன் லோடு நெருக்கும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் வண்டி நிற்காது. நோன்பிருப்போரின் தட்டுக்கு உணவு போய்ச்சேர, அதைச் சுமந்தவன் இரண்டு நாள் சோறின்றி ஓட்டியதுண்டு.

எல்லை கடப்பது அந்நாளில் ஒரு தவம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வேறு மாநிலத்தில் நுழைய அம்மாநிலத்தின் ஒப்புதலும் பர்மிட்டில் பெறவேண்டும். 1975-இல் தேசிய பர்மிட் வந்தபிறகே நெடுந்தூர ஓட்டம் எளிதாயிற்று. அப்போதும் ஓசூர் எல்லையில் வரிசை, அத்திப்பள்ளியில் வரிசை. பல நகரங்களின் வாயிலில் நுழைவு வரி. தாள் சரியாக இருந்தாலும் கைமாறிய காசு தனி. சாவடியில் நின்ற மணி நேரத்தை எல்லாம் கூட்டினால் என் ஆயுளில் ஐந்து ஆண்டு தேறும் என்றார் ஒருவர். 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் விற்பனைவரிச் சாவடிகள் மறைந்தன. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று விதித்ததைச் சொன்னோம். திண்ணையில் இருந்த அனைவரும் நகைத்தனர். அந்நகைப்பில் கசப்புக்கூட இல்லை. ஏதோ வேற்று நாட்டுச் செய்தியைக் கேட்டது போன்ற நகைப்பு அது.

இத்தனையும் ஆண்கள் சொன்ன கதை. அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி இடைமறித்தார். "இவரு சொல்றதெல்லாம் ரோட்டுக் கதைங்க சாமி. வீட்டுக் கதைய நான் சொல்றேன்." முதல் பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள்தான் தந்தை வந்தாராம். அக்குழந்தை மூன்று வயதுவரை அவரை "லாரிக்கார மாமா" என்றே அழைத்ததாம். தொலைபேசி இல்லாத காலம். செய்தி வரும் வழி ஒன்றே ஒன்று; எதிர்த் திசையில் வரும் ஊர் வண்டி. "உம்ம வீட்டுக்காரரைச் சோலாப்பூருக்கு இந்தப் பக்கம் பார்த்தேன், நல்லா இருக்கார்" என்று லோடு இறக்க வந்தவர் வாசலில் நின்று சொன்னால், அன்று வீட்டில் அடுப்பு மகிழ்ந்து எரியும். லாரி அலுவலகத்திலிருந்து ஆள் மிதிவண்டியில் வந்தாலோ, அவர் வாய் திறக்குமுன் தெருவே கூடிவிடும். தந்தி என்றால் ஒரே பொருள்தான். "சாப்பிட உக்காந்தா, இன்னேரம் அவரு சாப்பிட்டிருப்பாரான்னு நெனப்பு வரும், அப்புறம் சோறு எறங்காது" என்றார். கணவர் தலை குனிந்து பீடியைத் தேடினார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதை முதன்முறை கேட்டார் போலும்.

குடும்ப ஏடாகிய இதில் எழுதக் கூசும் ஒன்றையும் எழுதவே வேண்டும். மாதக்கணக்கில் வீடு காணாத வாழ்வின் விளைவுகளுள் ஒன்று, 1990-களில் இம்மாவட்டத்தைச் சூறையாடிய எய்ட்சு நோய். இந்தியாவில் அந்நோய்க்கிருமி முதன்முதல் சென்னையில் 1986-இல் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நோய் மிகுந்த மாவட்டங்களின் வரிசையில் நாமக்கல் இடம்பெற்றது. ஓட்டுநர் மாண்டார், ஓராண்டில் மனைவி மாண்டாள், பாட்டியர் பேரப்பிள்ளைகளை வளர்த்தனர். இறந்தவன் உடலைக் குளிப்பாட்ட உறவினர் மறுத்ததை ஒரு விதவை நம்மிடம் விவரித்தார். அவர் குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் இருபது ஆண்டு ஊர்க்கிணற்றுப் பக்கம் தனியாகவே நின்றார். 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதால் அவர் இன்று உயிரோடிருக்கிறார். மகளுக்கு மணம் முடித்துவிட்டார். பாவத்தைக் கண்டிப்பது எளிது. ஆறு வாரம் ஒரு மனிதனை இரும்புக் கூண்டில் அனுப்பிவிட்டு, அவன் ஈட்டிய வாடகையில் கட்டிய மாடியிலிருந்து அவனைக் கண்டிப்பது நேர்மையாகுமா என்பதே நம் ஐயம். உரோமையின் குடிபெயர்வோர் மேய்ப்புப்பணிக்கான திருத்தந்தைக் கழகம் 2007-இல் சாலைப் பயணிகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலை நம்மவர் பலர் படித்திரார். ஓட்டுநர்க்கான பத்துக் கட்டளைகள் என்று செய்தித்தாள்கள் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் போட்டன. அதே ஏட்டில் சாலையோரத்தில் வாழ்விழந்த பெண்களுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் வீடற்றோர்க்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு.

பத்துக் கட்டளைகளில் முதலாவது கொலை செய்யாதிருத்தல். இதை அவர்களிடம் கூறியபோது, நடுவயது தாண்டிய ஒருவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுத் தம் கதையைச் சொன்னார். ஆந்திரத்தில், அதிகாலைப் பனியில், மிதிவண்டியில் குறுக்கே வந்தவர்மேல் வண்டி ஏறிவிட்டது. நின்றிருந்தால் கூட்டம் தம்மை அடித்தே கொன்றிருக்கும் என்றார். வண்டியை விட்டு இருட்டில் எட்டு மைல் ஓடிக் காவல் நிலையத்தில் தாமே சரணடைந்தார். இறந்தவருக்கு இரு பிள்ளைகள் என்று வழக்குமன்றத்தில் அறிந்தார். "ஓடாம நின்னிருந்தா அவர் பொழைச்சிருப்பாரா சாமி?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. விபத்தை உடனே தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை என்னும் புதிய விதியை எதிர்த்து 2024 சனவரியில் வடமாநில ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். அவ்வாண்டு சூலையில் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவ்விதி மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் எதுவாயினும், சாகக் கிடப்பவனின் அருகில் நிற்க அஞ்சாத நிலையை ஊரார் உண்டாக்கினாலன்றோ நல்ல சமாரியன் நிற்க முடியும்?

கூட்டத்தின் மறுபக்கத்தையும் அவர்கள் கண்டவர்கள். காவிரிச் சிக்கலில் 1991 திசம்பரில் கருநாடகத்தில் தமிழர் தாக்கப்பட்டபோது, எண் பலகையில் சேறு பூசித் தம் லாரியைக் கரும்புக் காட்டின் பின்னே நான்கு நாள் மறைத்துச் சோறும் போட்டவர் ஒரு கன்னட உணவுக் கடைக்காரர் என்று ஒருவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். தொலைக்காட்சியில் எரியும் வண்டிகளைப் பார்த்து, "அந்த அண்ணன் இருந்திருந்தா நாலு வண்டியாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றாராம்.

அவ்வண்டிகளின் நெற்றியில் பழநி, நாகூர், வேளாங்கண்ணி மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். புது லாரி வாங்கினால் நாமக்கல் ஆஞ்சநேயர் முன் எலுமிச்சை நசுக்குவோரும், அதே வண்டியை நம் கோவில் வாயிலில் நிறுத்தி மந்திரிக்கக் கேட்போரும் உண்டு. புனித கிறிஸ்தோபரைத் திருச்சபை நீக்கிவிட்டதாமே என்று கத்தோலிக்க ஓட்டுநர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். நீக்கவில்லை, 1969-இல் பொது நாள்காட்டியில் அவர் விழாவைக் கட்டாயமாக்காது தலத் திருச்சபைகளின் விருப்பத்துக்கு விட்டனர், புனிதர் பட்டியலில் இன்றும் உள்ளார் என்று விளக்கினோம். ஆற்றைக் கடக்கத் தோளில் ஏற்றிய குழந்தை நடு ஆற்றில் உலகத்தின் பாரமாய்க் கனத்ததென்னும் மரபுக் கதையைச் சொன்னபோது அவர் உடனே, "ஓவர்லோடு" என்றார். அதைவிடச் சுருக்கமான விரிவுரையை நாம் கேட்டதில்லை.

இன்றைய வண்டியில் விசைத் திருப்பு உண்டு. 2025-இல், புதிதாக உற்பத்தியாகும் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனமும் கட்டாயமாயிற்று. சுங்கச் சாவடியில் காசு எண்ணவேண்டியதில்லை. மனைவி கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறாள். இவையெல்லாம் நல்லவை, பழையது போயிற்றே என்று நாம் அழப்போவதில்லை. ஆனால் கிளீனர் இருக்கை பெரும்பாலும் காலியாகிவிட்டது. வாடகை கட்டுபடியாகாததால் முதலாளிகள் இரண்டாம் ஆளை அனுப்புவதில்லை. கட்டை தூக்கிக் கற்ற பள்ளியும் அதனோடு மூடிற்று. உள்ளூர் இளைஞர் இத்தொழிலுக்கு வருவதில்லை. பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் சங்ககிரி வண்டிகளை ஓட்டுகின்றனர். அவர்களுக்கும் எங்கோ ஒரு வாசலில் ஒருத்தி காத்திருப்பாள். இரவு இரண்டு மணிக்கு அவர்களோடு பேச ஆளில்லை.

எண்பது வயதுப் பெரியவருக்கு இரு கண்ணிலும் புரை அகற்றியிருக்கிறார்கள். ஓய்வூதியம் என்று ஏதும் இல்லை. மகன் தரும் பணத்தில் வாழ்கிறார். இன்றும் இரவு இரண்டுக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். எழுந்து திண்ணையில் அமர்ந்து, புறவழிச்சாலையில் போகும் லாரிகளின் ஓசையைக் கேட்பாராம். எது வெறும் வண்டி, எது பாரம் ஏற்றியது, எவன் கியர் மாற்றத் தெரியாமல் திணறுகிறான் என்று இருட்டிலேயே சொல்லிவிடுவாராம். சொல்லக் கேட்பவர் யார் என்று வினவினோம். உள்ளேயிருந்து மூதாட்டியின் குரல் வந்தது: "வேற யாரு? நாந்தேன்."